பக்கத்து வயலுக்கும் குளிசை

மிஸ்ஸி,

நேற்றுக் கல்முனை மருந்துக் கடையில் என் மானம் போய்விட்டது. வயிற்றுப் பிள்ளைக்காரியான மகளுக்கு வெள்ளைபடுதல். டாக்டர் எழுதிய துண்டை நீட்டினேன். "ஆருக்கு காக்கா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார் கடைக்காரர். சுற்றிலும் ஆட்கள். "ஆட்டுக்கு" என்று வாயில் வந்துவிட்டது. "ஆட்டுக்கும் இப்ப கிளினிக் துண்டு குடுக்காங்களா?" என்றார். கடையே சிரித்தது. அங்கே அடித்த டெட்டோல் வாசத்தில் உங்கள் பைதான் ஞாபகம் வந்தது. நீங்கள் மறைந்து ஆறு வருடமாகிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் முதல் பிள்ளை ஏழாம் மாதத்திலேயே பிறந்து, மூன்று நாள் இருந்து மவுத்தாகிவிட்டது. மனைவி மறுபடி உண்டானபோது, பெற்ற தாயிடமும் சொல்லாத அரிப்பை உங்களிடம்தான் சொன்னாள். ஊரின் மருத்துவிச்சியான நீங்கள், காரைதீவிலிருந்து சைக்கிள் மிதித்து வருவீர்கள். "இந்தக் கிருமிய விட்டா புள்ள முந்திப் பொறக்கவும் பாக்கும்" என்று கிளினிக்குக் கூட்டிப் போனீர்கள். டாக்டர் இருவருக்கும் விழுங்கக் குளிசை கொடுத்தார். எனக்கு ஒரு நோவும் இல்லை. ஆம்பிளைக்கு எதற்குப் பெண்டுகளின் மருந்து? என் பங்கை வயல் வாய்க்காலில் போட்டேன். என் படிப்பு அவ்வளவுதான்.

அடுத்த மாதம் நோய் திரும்பி வந்தது. என் மாமியைத் தேத்தண்ணி ஊற்ற அனுப்பிவிட்டு மெல்லக் கேட்டீர்கள்.

"தம்பி, உங்கட குளிசை எங்க?"

"வாய்க்கால்ல மிஸ்ஸி."

"வாய்க்காலுக்கு என்ன வருத்தம், காய்ச்சலா?"

நான் தலையைச் சொறிந்தேன்.

"ஒரு வயல்ல புல்லுப் புடுங்கிப்போட்டு, பக்கத்து வயல்ல விட்டா?"

"திரும்ப வரும்."

"அந்தப் பக்கத்து வயல்தான் நீங்க."

நீங்கள் மறுபடி வாங்கி வந்திருந்த குளிசையை உங்கள் முன்னாலேயே விழுங்கினேன். கோப்பையோடு வந்த மாமி, "மருமகனுக்கு என்ன?" என்றார். "வயித்துல பூச்சி" என்றீர்கள், கண் இமைக்காமல். அந்த மாதம் முழுக்க எனக்குப் பாகற்காய்தான். ஒரு மனிசனின் மானத்தை இவ்வளவு லேசாகக் காப்பாற்றியவரை நான் பிறகு காணவில்லை.

இன்று காலை என் மகளின் மாப்பிள்ளை தன் பங்கை விழுங்கும்வரை நானும் முன்னால் நின்றேன்.

அந்த முறை மகள் மாதம் நிறைந்து பிறந்தாள். நீங்கள் அவளை நிறுத்துப் பார்த்துச் சிரித்தீர்கள். மாமி மட்டும், "மொதப் புள்ள இவள்ட ஒடம்பு சரியில்லாமத்தான் போன" என்றார். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்பிடிச் சொல்ல ஏலா உம்மா. அவவுல ஒரு பிழையுமில்ல" என்ற நீங்கள், ஒரே ஒரு தரம் என்னைப் பார்த்தீர்கள். நான் முகட்டைப் பார்த்தேன்.

'என்னாலயும் இருக்கலாம்.' அன்று மாமிக்குச் சொல்லவில்லை. மனைவிக்கு இன்றுவரை சொல்லவில்லை.