போட்டுப் பார்க்காத பீஸ்

அன்புள்ள மாமா,

"போர் முடியுது, எல்லாரும் ஊருக்குக் கெளம்பறோம்" என்று போனில் நீங்கள் சிரித்தபோது குறுக்கே பேச மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நீங்கள் சமைக்கும் அதே ராணுவ முகாமுக்கு வேலைக்கு வரும் காவேரிப்பட்டினத்து டெல்வினிடம் கொடுத்தனுப்புகிறேன். மாங்காய்த் தொக்கும் வைத்திருக்கிறேன். காலி செய்யப்போகிற முகாமுக்குப் புது ஆள் எதற்கு என்று கேட்டேன். ஓசூர் ஏஜெண்டுக்குத்தான் தெரியும் என்றார்.

படையைத் திரும்ப அழைப்பதாக அந்த ராணுவத்தின் நாட்டு அதிபர் பேசியதை எங்கள் தையல் கம்பெனி கேன்டீன் டிவியில் காட்டினார்கள். "போன வருசமும் இதையேதான சொன்னான்? வாயத் தொறந்தா பொய்யி" என்று பக்கத்து மெஷின் கௌரம்மா தட்டோடு எழுந்து போனாள். நான் நம்பினேன்.

மறுநாள் அதே ராணுவத்திடமிருந்து எங்கள் லைனுக்குப் புது ஆர்டர். இதுவரை குளிர் ஜாக்கெட் தைத்தோம். இது வேறு. தடித்த கறுப்புத் துணி, ஆள் நீளம், தலை முதல் கால் வரை ஒரே ஜிப். கையும் இல்லை, கழுத்தும் இல்லை, முகத்துக்குத் திறப்பும் இல்லை. அவசரமாம், ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்கிறார்கள்.

எந்த ஆர்டர் வந்தாலும் முதல் பீஸை எங்களில் ஒருத்தி போட்டுப் பார்ப்பாள், மற்றவர்கள் கேலி செய்வோம். உங்களிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். இந்த முறை சூப்பர்வைசர் யாரையும் கூப்பிடவில்லை. மடித்து மேசைக்கு அடியில் வைத்துவிட்டார்.

அதிபர் சொன்ன தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், மாமா. நான் தைத்தது அங்கே வந்து சேர்வதற்குள் நீங்கள் இங்கே வந்து சேர்ந்துவிடுங்கள்.

உங்கள் மனைவி