மாடி லைனுக்கு என்ன வகை

கல்லாவுக்குப் பின்னால் சுவரிலிருந்த பழைய இன்டர்காம் பெட்டியை இன்று கழற்றினார்கள். மூடியைத் திறந்ததும் சூடேறிய தூசியும் ஊதுவத்திச் சாம்பலுமாக ஒரு வாசனை. முப்பொழுதும் நீங்கள் உட்கார்ந்திருந்த இடத்தின் வாசனை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

புதுப் பெட்டி மாட்ட வந்தவர் ஒவ்வொரு போனுக்கும் லைன் வகையைக் கேட்டுப் பதிந்தார். "மாடி வீட்டுக்கு எந்த டைப்புமா? வெளியே போகணுமா, கடைக்குள்ள பேசினா போதுமா?"

பழைய பெட்டியை மாட்டிய அன்றைக்கும் இதே கேள்விதான். காப்பி டம்ளரோடு நான் பக்கத்தில் நிற்க, நீங்கள் பதில் சொன்னீர்கள். கல்லாவிலிருந்து எந்த ஊருக்கும் பேசலாம். சரக்கு அறையிலிருந்து உள்ளூர் வரை. கட்டிய மனைவிக்கு? "உள் லைன் போதும்பா. வெளிய பேசணும்னா கல்லாவுக்கு அடிச்சி கேட்டுக்கட்டும்." புடவைக் கட்டுகளுக்குத் தந்த சலுகைகூட எனக்குத் தரவில்லை.

அதன்பின் நான் ஒன்பதை அழுத்துவேன். கீழே நீங்கள் எடுப்பீர்கள். "யாருக்கு? இன்னா விசயம்?" கஸ்டமர்கள் முன்னால் என்னை விசாரித்து, மனம் வந்தால் லைன் கொடுப்பீர்கள்.

ஒரு தை முகூர்த்தக் கூட்டத்தில் திருமுக்கூடலிலிருந்து என் தம்பி கூப்பிட்டான். அம்மா இழுத்துக்கொண்டு கிடக்கிறாள், என் குரலைக் கேட்க வேண்டும் என்கிறாள் என்று. நீங்கள் லைனை மாடிக்குத் தரவில்லை. கடையை மூடிவிட்டு வந்து, செருப்பைக் கழற்றும்போது சொன்னீர்கள். "அப்பவே சொல்லியிருந்தா நீ ஓன்னு அழுதிருப்ப. கீழ பொண்ணு வீட்டுக்காரங்க முகூர்த்தப் புடவை பாத்துக்கினு இருந்தாங்க." நாம் போனபோது அம்மாவுக்கு மாலை போட்டிருந்தார்கள்.

கடைசியில் பக்கவாதம் வந்து நீங்களும் மாடிக் கட்டிலில் விழுந்தீர்கள். உங்கள் செல்போன் கடை நம்பர் என்பதால் மகனிடம் போய்விட்டது. வீட்டில் இருக்கிறவளுக்குச் செல்போன் எதற்கு என்று எனக்கு வாங்காமல் விட்டதும் நீங்கள்தான். ஒருநாள், ஆரணியில் இருக்கும் உங்கள் அக்காவிடம் பேச வேண்டும் என்று ஒன்பதை அழுத்தினீர்கள். மகன் சொன்னது எனக்கும் கேட்டது. "யாருக்குப்பா? இன்னா விசயம்? கீழ கல்யாண பார்ட்டி இருக்குது, கடை மூடட்டும்பா."

என்னைப் பார்த்தீர்கள். கஞ்சியை ஆற்றிக்கொண்டே, "பையனை நல்லா பழக்கி வச்சிருக்கீங்க" என்றேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கடை மூடுவதற்குள் உங்கள் நாக்கும் இழுத்துக்கொண்டது. அக்காவிடம் பேசாமலே போய்ச் சேர்ந்தீர்கள். அதற்காக நான் இன்றுவரை அழவில்லை.

இன்று வந்தவரிடம், "வெளியே போகட்டும்பா, எல்லா ஊருக்கும்" என்றேன்.

"சரிம்மா. கல்லாவுக்கு அதே ஒன்பதுதான். மத்ததெல்லாம் நேரா அடிக்கலாம், யாரையும் கேக்க வேணாம்."

மாடியேறி ரிசீவரை எடுத்தேன். திருமுக்கூடலுக்கு, தம்பியிடம் பேசலாம் என்றுதான். வெளி லைனின் ஒலி காதில் நீளமாகக் கேட்டது. கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு என் விரல், பாழாய்ப்போன விரல், ஒன்பதை அழுத்தியது.

"யாருக்குமா? இன்னா விசயம்?" என்றான் உங்கள் மகன்.

"மாமாவுக்குப்பா" என்று நான் விசயத்தைச் சொல்லத் தொடங்கினேன்.