கிளாம்ப்பின் வாயில் சந்தனம்

மதினி,

காலையில் சாமிக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக வெல்டிங் புகை வந்தது. எதிர்வீட்டு மாடிக்கு கிரில் போடுகிறார்கள். பூஜையறைக்குள் அந்த வாசம் வந்தால் வேறு யாராக இருந்தாலும் முகம் சுளிப்பார்கள். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு, படபடவென்று வெடிக்கிற சத்தத்தைக் கேட்டு, வெல்டிங் ராடு ஈரமாக இருக்கிறது என்று நினைத்தேன். அதற்கப்புறம்தான் உங்கள் நினைப்பு வந்தது. வரிசை அப்படித்தான் இருந்தது. மாற்றிச் சொல்ல மனமில்லை.

நம் வீட்டுக்காரர்கள் மாப்ள, மச்சான் என்று கூப்பிட்டுப் பழகியதால் நாம் மதினிகள் ஆனோம். நடுவில் ஒரே ஒரு சுவர். மொட்டைமாடிப் பந்தலுக்கென்று இவர் வாங்கி, இரண்டே நாளில் கைவிட்ட அந்தச் சின்ன வெல்டிங் மிஷினை நான் எடுத்துக்கொண்டேன். போனில் பார்த்துப் பார்த்து, ராடைத் தீய்த்துத் தீய்த்துக் கற்றேன். நீங்கள் குழாயைப் பிடிப்பீர்கள், நான் வெல்டிங் வைப்பேன். பூந்தொட்டி ஸ்டாண்டு கோணலாக வந்தால், "செடிக்கு என்ன தெரியப் போகுது, விடுங்க" என்பீர்கள். சுவிட்சைப் போடுமுன் நான் "முருகா" என்று சொல்வது உங்களுக்கு எப்போதும் சிரிப்பு. "அவரு கரண்டு ஆபீஸ்லயா வேலை பாக்குறாரு?"

பிறகு உங்களுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின், பிடித்துக்கொண்டால் நடக்க முடிந்தது. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் உங்கள் மருமகள் பிடித்துப் போவாள். கதவைத் திறந்துவைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பாள். அவள் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. உங்களுக்குத்தான் தாங்கவில்லை. அவள் லீவு முடிகிறது, திங்கட்கிழமையிலிருந்து பகலுக்கு ஓர் ஆள் வைப்பது என்று பேச்சு வந்ததும் எனக்குச் சொல்லி அனுப்பினீர்கள்.

"பிடிச்சு நடக்கக் கம்பி போட்டுக் குடுங்க மதினி. தனியாப் போயிட்டு வந்துட்டேன்னா, ஆளு வேணாம்னு சொல்லிருவேன்."

"பட்டறைல சொல்லி நல்லதாவே போடலாமே."

"அவன் ஆயுத பூஜை முடியட்டும், தீபாவளி முடியட்டும்னு இழுப்பான். அம்புட்டு நாளு எப்படி? வேத்தாளு முன்னாடி நான்..."

உங்களுக்கு இடது கை மட்டும்தான். அதனால் போக ஒரு சுவரில் ஒரு கம்பி, வர எதிர்ச்சுவரில் ஒன்று. அளந்து, குழாய் வாங்கி, எங்கள் வீட்டுக் கொல்லையில் வேலையை ஆரம்பித்தேன். ஒரு கம்பி முடிந்தது. அடுத்த நாள் ஆயுத பூஜை, மிஷினைத் தொடக்கூடாது. துடைத்துப் பலகையில் வைத்தேன். நாற்காலியோடு உங்களையும் தூக்கி வந்து உட்கார வைத்திருந்தார்கள்.

"அந்தச் சந்தனக் கிண்ணத்த இங்கிட்டுக் குடுங்க" என்றீர்கள்.

நான் உங்களைப் பார்த்தேன்.

"என்ன பாக்குறீங்க? நீங்க ஒருத்தரே கேட்டாப் போதுமா? நானும் முருகன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்."

பழகாத இடது கையால் மிஷினுக்கு, ராடு மாட்டுகிற ஹோல்டருக்கு, சுத்தியலுக்கு, குழாயைக் கவ்வுகிற எர்த் கிளாம்ப்புக்கு என்று ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தீர்கள். நான் பூசணிக்காய் உடைக்க வாசலுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் சுவிட்சைப் போட்டால் மிஷினில் லைட் எரிகிறது, உள்ளே ஃபேன் சுற்றுகிறது. ராடைக் குழாயில் தட்டினால் ஒன்றுமில்லை. ஒரு பொறிகூட இல்லை. இரும்புக்கு இரும்பு டொக்கென்று இடித்ததோடு சரி.

வீட்டுக் கணக்கு இடித்தால் நான் மேலிருந்து மறுபடி கூட்டுவதில்லை. கடைசி வரியிலிருந்து பின்னால் போவேன். தப்பு பெரும்பாலும் கடைசியாகத் தொட்ட இடத்தில் இருக்கும். மிஷினிலும் அப்படியே போனேன். பிளக்கை வேறு பாயிண்டில் மாற்றினேன். ஒயர்கள் மிஷினில் சேருகிற இடத்தை இறுக்கி முறுக்கினேன். புது ராடு போட்டேன். ஹோல்டரைச் சுரண்டினேன். எதிலும் தப்பில்லை.

"சாமி கும்பிட்டதும் மிஷினு சன்னியாசம் வாங்கிருச்சா?" என்றீர்கள் நாற்காலியிலிருந்து.

"விடுங்க சித்தி. நல்ல பொம்பளையாத்தான் பாத்து வச்சிருக்கோம்" என்றாள் மருமகள் என்னிடம். நீங்கள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள்.

"முந்தாநாள் ஓடுச்சு. நடுவுல என்னதான் நடந்துச்சு மதினி?" என்று உங்களிடமே கேட்டேன்.

"என்ன நடந்துச்சு? பூஜைதான் போட்டோம்."

பூஜைதான். அதை நடந்த ஒரு காரியமாக நான் எண்ணவே இல்லை. பூஜை வேலைக்கு வெளியே இருப்பது என்பது என் நினைப்பு. அதனால் கிளாம்ப்பைக் குழாயில் கவ்வ வைத்தபோதுகூட அதன் உள்பக்கத்தைப் பார்க்கவில்லை. இப்போது பிரித்துப் பார்த்தேன். மேல்வாயிலும் கீழ்வாயிலும் சந்தனம், கனமாக, காய்ந்து ஓடாகி, அதன்மேல் குங்குமம். ராடு வழியாகப் போகிற கரண்டு இந்தக் கிளாம்ப் வழியாகத்தான் திரும்ப வேண்டும். நடுவில் சந்தனம் நின்றுகொண்டு வழியை அடைத்துவிட்டது.

உங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எமரி பேப்பரால் தேய்த்தேன்.

"ஒளிச்சு ஒளிச்சு என்ன தேய்க்கிறீங்க?"

"துரு."

"போன மாசம் வாங்குன கிளாம்ப்புல ஏது துரு? காமிங்க."

காட்டினேன். பார்த்தீர்கள். அப்புறம் ஒரு பக்க வாயாலேயே, இருமல் வருகிறவரைக்கும் சிரித்தீர்கள். "பொட்டு நெத்தியில வைக்கணும் மதினி. நான் வாயில அப்பி வச்சிருக்கேன்."

"நீங்க சொன்னது அவருக்கு எட்டிருக்கும்."

"எட்டுச்சு, எட்டுச்சு. அதான் மிஷினுக்கு வாயடைச்சுப் போச்சு."

வெறும் இரும்பு தெரியத் தேய்த்து மாட்டினேன். முதல் தட்டிலேயே பொறி பறந்தது. பொழுது சாய்வதற்குள் இரண்டாவது கம்பியும் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போட்டு, போல்ட் முறுக்கி, நான் தொங்கிப் பார்த்தேன். ஆடவில்லை.

நீங்கள் கம்பியைப் பிடித்து எழுந்தீர்கள். மருமகள் இரண்டு கைகளையும் ஏந்தியபடி உங்களுக்குப் பின்னால். அவளுக்குப் பின்னால் நான். சமையற்கட்டைத் தாண்டுவதற்கே வெகுநேரம் ஆயிற்று. உள்ளே போய்க் கதவைச் சாத்தினீர்கள். அப்புறம் தாழ்ப்பாள் விழுந்த சத்தம். மருமகள் இன்னும் கைகளை ஏந்திக்கொண்டே நின்றாள்.

உள்ளேயிருந்து உங்கள் குரல் வந்தது: "ரெண்டு பேரும் வாசல்லயே நிக்கிறீங்களாக்கும்? போங்க, போயி சோலியப் பாருங்க."

ஆள் வைக்கவில்லை. அடுத்த ஆடியில் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். அதுவரைக்கும் அந்த நடைக்கு யார் கையும் உங்களுக்குத் தேவைப்படவில்லை.

உங்களை எடுத்த அன்று தெருவே அழுதது. நான் அழவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி போட்டேன், பந்தல்காரருக்கு இடம் காட்டினேன், உங்கள் மருமகளைச் சாப்பிட வைத்தேன். கல்நெஞ்சுக்காரி என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. இருக்கலாம். நீங்கள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டதாகத்தான் எனக்குப் பட்டது. சாத்திய கதவு முன்னால் நின்றுகொண்டிருந்தால் உங்களுக்குப் பிடிக்காது.

சோலியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மதினி.