பட்டியலில் இல்லாத சனிக்கிழமை வகுப்பு

அன்பு மச்சான் மரியநாயகம்,

நீர் போய் எட்டு மாதம். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. அது சரியா, பிழையா என்றும் தெரியவில்லை. செய்தியை மட்டும் சொல்கிறேன். நான் வேலை செய்த உயர்நிலைப் பள்ளி ஆனியோடு மூடப்பட்டுவிட்டது.

ஆய்வுகூட உதவியாளனாக இருபது வருடம் இருந்தவன் என்று, அதன் வரலாற்றை எழுதும் வேலையைப் பழைய மாணவர்கள் என்னிடம் தந்தார்கள். அரசாங்கப் பள்ளிதான், ஆனாலும் மொன்றியலின் எந்த மூலையிலிருந்தும் பரீட்சை எழுதித்தான் உள்ளே வரவேண்டும். விஞ்ஞானம், இசை, நாடகம், மொழிகள் என நான்கு சிறப்புத் திட்டங்கள். பள்ளியின் பட்டியலோடு ஒத்துப்பார்த்து, திட்டத்துக்கு ஒரு அத்தியாயமாக ஒழுங்காக எழுதினேன்.

உம்முடைய ரெஜினாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அண்ணை, இதில இவர் எங்க?" என்றாள்.

"பட்டியலில இல்லை, பிள்ளை."

"சனிக்கிழமையில அந்தப் பள்ளிக்கு முப்பது பிள்ளையள் வந்து இவரிட்டத் தமிழ் படிச்சது பட்டியலுக்குத் தெரியாது. உங்களுக்குமோ?"

தங்கைக்குச் சொல்லாததை உமக்குச் சொல்கிறேன். புது நூற்றாண்டு பிறந்த பனிக்காலத்தில், உமது வகுப்பையும் ஐந்தாவது திட்டமாகச் சேர்க்கலாமா என்று, உமக்காகப் பிரெஞ்சில் பேசுபவன் நான் என்பதால், அதிபர் என்னிடம் கேட்டார். பிள்ளைகள் வாசலில் கழற்றிவிட்ட பனிச்சப்பாத்துகளால் நடைக்கூடம் ஈரமாகிறது என்று அதற்கு முதல் நாள்தான் முறைப்பாடு வந்திருந்தது. என் வேலைக்கும் பழி வருமோ என்று பயந்துவிட்டேன். "வேண்டாம், அது தற்காலிகம்" என்றேன்.

அதனால்தான் நீர் ஒவ்வொரு தவணையும் அறைக்காகப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. விண்ணப்பத்தைப் பிரெஞ்சில் எழுதித் தந்தவனும் நான்தான். "மச்சான், நீர் இல்லாட்டி இந்த வகுப்பே இல்லை" என்பீர். வேண்டாம் என்றவன் நான் என்று உமக்குத் தெரிந்திருந்ததா?

நீர் வரவுப் பதிவேடு வைத்ததில்லை. கதவடியில் நின்று சப்பாத்துச் சோடிகளை எண்ணுவீர். "ஒரு சோடி குறையுது. ஆர் வரேல்லை?" நானோ ஆதாரமில்லாமல் ஒரு வரியும் எழுதாதவன். "உமக்குச் சாகிறதுக்கும் சான்றிதழ் வேணும்" என்று சிரிப்பீர்.

ஆதாரம் என்னிடமே இருக்கிறது, மச்சான். அந்த விண்ணப்பங்களின் பிரதிகள் எல்லாம் திகதி வாரியாக என் அலுமாரியில் கிடக்கின்றன. நேற்று எடுத்து மேசையில் வைத்தேன். ஒன்றுமே தோன்றவில்லை.

ஐந்தாவது அத்தியாயம் உம்முடையது. வகுப்பு ஏன் பட்டியலில் ஏறவில்லை என்பதையும், யார் வேண்டாம் என்றார் என்பதையும் என் பெயரோடு எழுதுவேன். அச்சுக்குப் போகமுதல் ரெஜினாவுக்கு முன்னால் இருந்து, அந்தப் பக்கத்தை நானே வாசிப்பேன்.

உமது மனைவியின் அண்ணன்,
சூசைப்பிள்ளை