விடுபட்ட சுழி

நாள் 203, காலை 7.10
செவ்வாய், தெற்குப் பசுங்கூடம். வெப்பம் 24. எட்டு மொச்சைச் செடியும் நலம். எழுதுவது மாரக்காள். மகள் தமயந்திதான் விஞ்ஞானி. நான் ஊரில் பருத்திப் பூவுக்கு மகரந்தம் தொட்டுவிட்டவள். இங்கும் அதே வேலை.

இந்த மொச்சையில் விஷம் வரும், ருசியில் தெரியாது. விஷக் கூறு ‘வீ’, விஷமில்லாதது ‘வி’. இங்கிலீஷில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து போடுவார்களாம். எனக்காக நெடில், குறில் ஆக்கினாள். ஒவ்வொரு செடிக்கும் தாய்ச் செடியிடமிருந்து ஒன்று, தகப்பன் செடியிடமிருந்து ஒன்று வரும். ஒரு ‘வீ’ இருந்தாலே விஷம்.

இரண்டு பக்கமும் ‘விவி’, எட்டும் நல்லவை என்று கணக்குப் போட்டுவிட்டாள். சோதனைக் கருவி பழுது. மதியம் எட்டிலும் பறித்து மொச்சைக் குழம்பு.

நாள் 204, மாலை 4.00
தமயந்தி போய்விட்டாள். உதடு மரத்தது, பிறகு மூச்சு நின்றது. பல்வலி என்று நான் குழம்பைத் தொடாமல் கஞ்சி குடித்தேன்.

வடக்குக் கூடத்துச் சகாயம் ரேடியோவில் பேசினான்: “மனசைத் தேத்திக்கோங்கம்மா. பாப்பா கணக்குல கோட்டை விட்டுருச்சு போல. இங்க சாப்பாடு தீருதும்மா. மூணு செடி நல்ல விதையாவது வேணும்.”

அவன் சொன்னதை நானும் நம்பினேன்.

நாள் 205, காலை 6.40
தகப்பன் செடியின் அட்டையைப் பார்த்தேன். ‘வீவி, இதை ஒதுக்கும்மா’ என்று அவள் சொல்ல, நான் எழுதியது. ‘விவி’ என்று இருக்கிறது. மேலே சுழி இல்லை. பள்ளிக்கூடத்திலும் இதற்குத்தான் அடி வாங்குவேன். அட்டையை நம்பி அந்தச் செடியிலிருந்தே மகரந்தம் எடுத்தோம்.

அவள் கணக்கு தப்பவில்லை. வீவி தகப்பன், விவி தாய். பிள்ளைகளில் பாதி விஷம். எந்தப் பாதி, பார்த்தால் தெரியாது.

சகாயத்திடம் சொன்னேன். “ஒரு சுழியாம்மா?”

நாள் 206, மதியம் 1.15
முதல் செடிக் காயை வேகவைத்துத் தின்றேன். ஒன்றும் ஆகவில்லை. விவி. தன் பூவிலேயே காய்க்கிற செடி, விதையும் விவிதான்.

சகாயத்திடம் சொன்னதும் கத்தினான்: “தின்னா பார்க்கறீங்க? நிறுத்துங்கம்மா!”

ரேடியோவை அணைத்துவிட்டேன்.

நாள் 207, மதியம் 1.00
இரண்டாம் செடி. விவி. சந்தோஷப்பட வெட்கமாக இருக்கிறது.

நாள் 208, மதியம்
மூன்றாம் செடி. உதடு மரக்கிறது.

சகாயம், இரண்டு செடிதான் தேறியது. விதை வெள்ளைப் பையில். மற்றதைத் தொடாதீர்கள். பாப்பா கணக்கு சரி. எல்லாரிடமும் சொல்லு. எழுத்து எனக்குத்தான் தப்பியது

மூணாம் செடி அட்டையில் பெரிசா எழுதிட்டேன்

வீவி

சுழி போட்டு