தாய் என்றால் இரண்டு

அண்ணை,

நீங்கள் போய்விட்டீர்கள் என்று வந்த தந்தியில் நான் முதலில் பார்த்தது அந்தச் செய்தியை அல்ல. புளியங்கூடலில் என் வீட்டுப் படலையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பியோன் நீட்டிய கடுதாசியைப் பிரித்ததும், என் கண் மேலே முதல் வரிக்குப் போனது. எந்தத் தந்திக் கந்தோரில் இருந்து அனுப்பியது என்று சொல்லும் வரி. மட்டக்களப்பு. அதற்குப் பிறகுதான் கீழே இறங்கினேன். அண்ணன் காலமானார், உடன் வரவும்.

“ரீச்சர், செய்தி கீழை கிடக்கு” என்றான் பியோன். என்னிடம் படித்தவன். ரீச்சருக்கு வாசிக்கத் தெரியாமல் போய்விட்டதோ என்று பயந்திருப்பான்.

மேல் வரியை முதலில் பார்க்கும் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. இருபத்தைந்து வருசமாக அதை உங்களிடம் மறைத்தேன். இனிச் சொல்லி உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. எனக்கும் ஆறப்போவதில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு இன்னொரு நாள் பள்ளிக்கூடம் போய்ப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது.

நம்மைப் பெற்ற ஐயா விட்டுப்போன லோஞ்ச் ஒன்றுதான் நமக்கு. ஊர்காவற்றுறைக்கும் எங்கள் தீவுக்கும் இடையில் நாளுக்கு இரண்டு தரம் ஆட்களை ஏற்றி ஓடும் எஞ்சின் படகு. எஞ்சின் பழுதாகிப் புதியது வாங்கியபோது, என் கல்லூரி விடுதிக் காசும் சேர்ந்து, லோஞ்சைக் கடைக்கார முதலாளியிடம் ஈடு வைத்தீர்கள். தவணை தப்பத் தப்ப அந்தக் கடன் கடுதாசி அவருடைய இரும்புப் பெட்டிக்குள் கொழுத்துக்கொண்டே போனது. நான் படிப்பை முடித்து வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. லோஞ்ச் பெயருக்குத்தான் நம்முடையதாக இருந்தது.

அந்த முதலாளியின் கடையில்தான் தீவு ஆட்கள் கொழும்புக் குதிரையோட்டத்துக்குக் காசு கட்டினார்கள். சனிக்கிழமை பின்னேரம் ஓட்டம். முடிவு தீவுக்கு வருவது ஞாயிறு காலை, லோஞ்சில் வரும் பேப்பரோடு. ஆகையால் முதலாளி சனிக்கிழமை விளக்கு வைக்கும்வரை காசு வாங்குவார். வைத்தபிறகு கொடுக்கவும் மாட்டார், வாங்கவும் மாட்டார். அந்த நேரத்தில் கொழும்பில் ஓட்டம் முடிந்து குதிரைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். எங்களுக்கு மட்டும் அது இன்னும் ஓடாத ஓட்டம்.

இந்த இரண்டு மணித்தியால இடைவெளியை முதலில் கண்டது நீங்களா, கம்பவுண்டரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மருந்துச்சாலைக்கு மட்டக்களப்பிலிருந்து வந்த மனிதர் அவர். தீவில் உறவென்று ஒருவரும் இல்லை. ஒரு சனிக்கிழமை, கடைசிப் பயணம் முடிந்தபிறகு நீங்கள் ஊர்காவற்றுறையில் தங்கி நின்று, லோஞ்சின் முன்நுனியில், அணியத்தில், வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு தனி லோஞ்சாக வந்தீர்கள். தீவில் தந்திக் கந்தோர் இல்லை; ஊர்காவற்றுறைக்குச் சாவுத் தந்தி வந்தால் அதைக் கொண்டுவர நம் லோஞ்ச் நேரம் பார்ப்பதில்லை, கூலி கேட்பதில்லை. அது ஐயா வைத்த வழக்கம். வெள்ளைத் துணியைக் கண்டதும் இறங்குதுறை ஜெட்டியில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு, எந்த வீட்டுக்கு என்று காத்திருந்தார்கள்.

“கம்பவுண்டர் ஐயாவுக்கு. மாமி மோசம் போனாவாம்” என்று, கந்தோரில் வாசித்துக் காட்டியதைச் சொன்னீர்கள்.

அம்மா மரக்கறிச் சோறு காய்ச்சித் தந்து என்னை அனுப்பினா. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதே. நான் பின்பக்கமாகக் குசினிக்குள் போய்ச் சட்டியை வைக்கப் போனேன். அங்கே கோப்பையால் மூடி வைத்திருந்தது பொரித்த ஓரா மீன். கை வைத்துப் பார்த்தேன். சூடு ஆறவில்லை.

அடுத்த நாள் நீங்கள் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வந்து கேட்டேன்.

“கம்பவுண்டரின்ரை மாமி நல்ல மனுசி போலை, அண்ணை. செத்த கையோடை மருமோனுக்கு மீன் பொரிச்சு அனுப்பியிருக்கிறா.”

உங்கள் கையிலிருந்த துணி நின்றது. “மெல்லக் கதை, பிள்ளை.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னீர்கள். கொழும்பில் கம்பவுண்டரின் சிநேகிதர் ஒருவர். பெரிய ஓட்டம் முடிந்த கையோடு தந்தி அடிப்பார். யார் செத்தார் என்பதுதான் எந்த நம்பர் குதிரை வென்றது என்பது. மாமி என்றால் ஆறு.

நான் உங்களைத் தடுத்திருக்க வேண்டும். படித்தவள் நான்தானே. நான் தடுக்கவில்லை. உங்கள் பட்டியலைப் பார்த்துச் சிரித்தேன்.

“எட்டுக் குதிரை ஓடுது. நீங்கள் அஞ்சு சொந்தம்தான் வைச்சிருக்கிறியள். மிச்சக் குதிரை வெண்டால் ஆரைச் சாக்காட்டப் போறியள்?”

அன்று பின்னேரம் கம்பவுண்டரும் வந்திருந்தார். நான் கொப்பித் தாளில் ஒழுங்காக எழுதினேன். தகப்பன் ஒன்று. தாய் இரண்டு. அந்த இடத்தில் அவர் கையை நீட்டித் தாளை மறித்தார்.

“அப்பா போய்ப் பத்து வருசம். அவரைப் போடுங்க. அம்மாவை விட்டிடுங்க தங்கச்சி.”

“ஒரு சொல்லுத்தானே ஐயா” என்றேன்.

அவர் உங்களைப் பார்த்தார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்குத் தெரியும். அந்த ஒன்றுக்காக என் சொல் அந்த அறையில் நின்றது. தாய் என்றால் இரண்டு.

அதற்குப் பிறகும் இரண்டு சனிக்கிழமை வெள்ளைத் துணி பறந்தது. சின்னம்மா ஒருவர் போனார். பெரியப்பா ஒருவர் போனார். சந்தேகம் வரக்கூடாதென்று இடையில் சில சனிகளில் வேண்டுமென்றே தோற்றீர்கள். மீன் விற்கும் பெண்கள் ஜெட்டியில் பேசிச் சிரித்தார்கள்.

“கம்பவுண்டருக்குப் பொம்பிளை குடுத்திடாதையுங்கோ. சம்பந்தம் வைச்சால் கிழமைக்கு ஒராளா நாங்களும் போய்ச் சேருவம்.”

வென்ற காசு வட்டிக்கே போனது. முதலாளி கெட்டிக்காரர். எப்படியென்று தெரியாவிட்டாலும் எங்கேயோ ஓட்டை என்று மோப்பம் பிடித்திருப்பார். ஒரு நாள் கடைவாசலில், நாலு பேர் நிற்க, உங்களைப் பார்த்துக் கேட்டார்.

“என்ன தம்பி, குதிரை கனவிலை வந்து காதுக்குள்ளை சொல்லுதோ? சில்லறையா ஏன் கட்டுறாய்? வாற சனி லோஞ்சை வை. வெண்டால் கடன் கடுதாசியை உன்ரை முன்னாலை கிழிக்கிறன். தோத்தால் திறப்பை இதிலை வைச்சிட்டுப் போ.”

நீங்கள் மடியில் இருந்த லோஞ்ச் சாவியைத் தொட்டுக்கொண்டு ஓம் என்றீர்கள். அந்தக் கிழமை முழுவதும் நீங்கள் சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்ததை அம்மா கண்டா. காரணம் எனக்குத்தான் தெரியும்.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதத்தையே தொடங்கினேன்.

வழக்கத்தைவிட அரை மணித்தியாலம் முன்னதாகவே வெள்ளைத் துணி தெரிந்தது. நான் ஜெட்டி நுனியில் நின்றேன். லோஞ்ச் அணையுமுன்பே நீங்கள் குதித்து வந்து, கந்தோரில் வாசிக்கக்கூட நிற்காமல் கொண்டுவந்த உறையைக் கிழித்து நீட்டினீர்கள்.

“பார் பிள்ளை, பார். கெதியாப் பார்.”

ஆங்கிலத்தில் நாலைந்து சொற்கள். நான் தேடியது ஒரு சொல்லை. அது கிடைத்தது.

“தாய்” என்றேன். “ரெண்டு.”

நீங்கள் ஓடினீர்கள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினீர்கள். நான் மருந்துச்சாலைக்குப் போனேன். கம்பவுண்டர் ஒரு கிழவருக்குப் புண் கட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னாலேயே பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். “எது?” என்று உதடு அசையாமல் கேட்டார். “ரெண்டு” என்றேன். அவருடைய முகம் சுருங்கியது.

“அதைத்தானே வேண்டாம் என்டேன்.”

அதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். தாயாம், தாயாம் என்று அழுதார்கள். மாமிக்கும் சின்னம்மாவுக்கும் அழாதவர்கள்கூட அழுதார்கள். விடியத்தான் ஊருக்குப் புறப்படலாம் என்று சொல்லிவிட்டு, அவர் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு நடுவில் இருந்தார். உள்ளே அவர் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது.

தந்தி என் கையிலேயே இருந்தது. அவர் கேட்கவில்லை, நான் கொடுக்கவில்லை. தந்திகளை அடுப்பில் போட்டுவிட வேண்டும் என்பது நான் வைத்த ஒழுங்கு. வீட்டுக்கு வந்து, அடுப்பின் முன்னால் இருந்து, போடுமுன் விரித்தேன். அப்போதுதான் மேல் வரி தெரிந்தது.

கொழும்பு என்று இருக்கவேண்டிய இடத்தில் மட்டக்களப்பு என்று இருந்தது.

எழுத்து அழிந்திருக்கவில்லை, அண்ணை. மை பரவியிருக்கவில்லை. நல்ல தெளிவாக இருந்தது.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. லோஞ்ச் ஜெட்டியில் நின்றது. அந்த நேரமே அவரை ஏற்றிப் போய், யாழ்ப்பாணத்தில் கார் பிடித்துவிட்டிருந்தால் மறுநாள் மத்தியானத்துக்குள் வீடு போய்ச் சேர்ந்திருப்பார். மகன் வருவான் என்று மறுநாள் பொழுதுபடும்வரை அந்த அம்மாவை வைத்திருந்தார்கள் என்று பிறகு அறிந்தோம். நான் எழுந்து வாசல்வரை போனேன். எதிரே நீங்கள் வந்தீர்கள். வேர்வையில் சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது.

“வைச்சாச்சு பிள்ளை. விளக்கு வைக்க முன்னமே போய் வைச்சன். நாளைக்கு லோஞ்ச் எங்கடை.”

ஐயா போனபிறகு உங்களை நான் அப்படிக் கண்டதில்லை. சொன்னால் அந்த முகம் போய்விடும். சொல்லாவிட்டால்? கொழும்புச் சிநேகிதர் ஊருக்குப் போயிருக்கலாம், அங்கிருந்து அடித்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊரில் இருந்தால் ஓட்டத்தின் முடிவு அவருக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வியும் கூடவே வந்தது. அதற்கு மறுமொழி தேடாமல், கடுதாசியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு உங்களுக்குத் தேத்தண்ணி போட்டேன்.

ஞாயிறு காலை ஊர்காவற்றுறையில் பியோன் உங்களிடம் இன்னொரு தந்தியைத் தந்தான். “நேற்று நீ போனாப் பிறகு வந்தது. பாவம் கம்பவுண்டர், ஒரே நாளிலை ரெண்டு சாவு” என்றானாம். அது மாமன். ஐந்தாம் நம்பர். பேப்பரிலும் ஐந்துதான் வென்றிருந்தது. லோஞ்ச் போய்விட்டது என்பதைவிட, நேற்றைய தாய் உண்மையான தாய் என்பதுதான் உங்களை அந்த இடத்திலேயே இருத்தியது என்று நீங்களே சொன்னீர்கள்.

திரும்பி வந்து அவரிடம் சொன்னபோது நானும் நின்றேன். அவர் கத்தவில்லை. அழவில்லை. முந்தைய நாள் ஊருக்காக அழுது முடித்துவிட்டார். எங்கள் இருவரையும் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார்.

“எங்கட அம்மாவுக்கும் ஒரு நம்பர் போட்டமே.”

முதலாளியிடம் திறப்பை, அந்தச் சாவியைக் கொடுக்குமுன் அந்த லோஞ்சில் நீங்கள் ஓடிய கடைசிப் பயணம் அவரை ஏற்றிப்போனதுதான். அவர் போய்ச் சேர்ந்தபோது சாம்பல் அள்ளியிருந்தார்கள்.

நீங்கள் திரும்பி வந்து என்னிடம் கேட்டீர்கள். “பிள்ளை, நேத்தைத் தந்தியிலை எங்கையிருந்து வந்தது எண்டு கிடந்ததோ?”

“எரிச்சுப்போட்டன், அண்ணை” என்றேன்.

“உன்னைக் குறை சொல்லேலாது. நான்தான் கெதியா, கெதியா எண்டு உன்னை விரட்டினனான். எனக்கு ரெண்டு இங்கிலீசு எழுத்து வாசிக்கத் தெரிஞ்சிருந்தால்...”

அதைத்தான் சாகும்வரை சொன்னீர்கள். கொஞ்ச நாளில் கொழும்பில் குதிரையோட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். உங்களுக்கு அது நிற்கவில்லை. சொந்த லோஞ்சிலேயே முதலாளியிடம் கூலிக்கு நின்றீர்கள். வருசா வருசம் அந்த அம்மாவின் திவசத்துக்கு மட்டக்களப்புக்குப் போய், அவர் வீட்டு வேலிக்கு வெளியே நின்றுவிட்டு வந்தீர்கள். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு ஒரு நாள் அவர் கதவைத் திறந்து உங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார் என்று எழுதினீர்கள். பிறகு அவர் போட்ட மருந்துக் கடையிலேயே தங்கிவிட்டீர்கள். ஒவ்வொரு கடிதத்திலும், “என்ரை பிழையை அவர் பொறுத்திட்டார் பிள்ளை” என்று இருக்கும். ஒவ்வொரு கடிதத்தையும் வாசித்துவிட்டு, இந்த முறை உண்மையை எழுதுவோம் என்று பேனையை எடுப்பேன். பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதுவேன். மழையைப் பற்றி எழுதுவேன்.

நான் நேரத்துக்கு வந்து சேர்ந்தேன், அண்ணை. உங்கள் முகத்தைப் பார்த்தேன். காலையும் தொட்டேன். உங்களுக்குக் கொள்ளி வைத்தது அவர்தான். தலை நரைத்து, நடை தளர்ந்து, தோளில் ஈரச் சால்வையோடு சுடலையிலிருந்து திரும்பி வந்தார். வாசலில் நின்ற என்னைக் கண்டு கேட்டார்.

“தந்தி நேரத்துக்குக் கிடைச்சுதா, தங்கச்சி?”

அதில் குத்தல் இல்லை. உண்மையாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டார். நீங்கள் போன அந்தக் காலையே, வேறெதையும் செய்யுமுன் அவர் தந்திக் கந்தோருக்கு ஓடியதாக மருந்துக் கடைப் பெண் சொன்னாள்.

என் கைப்பைக்குள் அந்தப் பழைய தந்தி இருந்தது. அன்று அடுப்பில் போடாதது. மடிப்பில் கிழிந்து இரண்டாகிவிட்டாலும் மேல் வரி இன்னும் தெளிவாக இருக்கிறது. அவரிடம் கொடுக்கத்தான் கொண்டுபோனேன். உங்கள் பிழை அல்ல என்று சொல்லத்தான் கொண்டுபோனேன்.

“ஓம் ஐயா” என்றேன். “நேரத்துக்குக் கிடைச்சது.”

பையைத் திறக்கவில்லை. திரும்பி வரும்போதும் அதை மடியிலேயே வைத்திருந்தேன்.