சுவரில் இல்லாத குழாய்

மார்ச் 3

தம்பிக்கு,

போனில் பேசினால் நான் கத்துவேன், நீயும் கத்துவாய். இந்த ஒன்றரை அறை வாடகை வீட்டில் அவ்வளவும் அப்பா காதில் விழும். அதனால்தான் கடிதம். நலம் விசாரிக்க எழுதவில்லை.

போன ஆகஸ்டில் நான் வாங்க இருந்த மூன்றாம் மாடி வீட்டை ஒரு நர்ஸ் வாங்கியிருக்கிறாள். ஜன்னல்களுக்குத் திரைச்சீலை தைக்க வேண்டும், அளவெடுக்க வாருங்கள் என்று நேற்று என் கடைக்கே வந்து கூப்பிட்டாள். எந்த வீடு என்று தெரிந்ததும் வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். வீம்புக்கு நானே போனேன். டேப்பை எடுக்காமலே அளவு சொன்னேன், அவள் வாயைப் பிளந்தாள். அந்த ஜன்னல்கள் எனக்கு அத்தனை மனப்பாடம்.

சமையலறையில் அலமாரி பதிப்பதற்காகச் சுவரை உடைத்துப் போட்டிருந்தார்கள். நீ விரல் முட்டியால் தட்டித் தட்டிப் பார்த்து, "உள்ள ஓடுற பைப் மக்கிப்போச்சுக்கா. ரெண்டே மழையில சுவர் ஊறிடும். இந்த வீட்டுப் பக்கமே தலைவச்சுப் படுக்காதே" என்றாயே, அதே சுவர்தான். உள்ளே செங்கல் இருந்தது, சிமெண்ட் இருந்தது. குழாய் இல்லை. நல்ல குழாய் இருந்தது என்று சொல்லவில்லை, குழாயே இல்லை என்கிறேன்.

நீ பதினெட்டு வருடமாக பிளம்பர். பதில் எழுது.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் நால்வரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, ஐந்து மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவனுக்கு இது தேவைதான். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க எந்த பிளம்பருக்கும் எக்ஸ்ரே கண் கிடையாது. தட்டும்போது வருகிற சத்தத்தை வைத்துத்தான் சொல்வோம். அன்றைக்குச் சத்தம் அப்படி இருந்தது. பக்கத்துச் சுவராகக்கூட இருக்கலாம். அந்த நர்ஸ் ஒரு மழைக்காலம் பார்க்கட்டும், அப்புறம் பேசுவாள்.

யாரோ ஒருத்தி வீட்டுச் சுவரைப் பார்த்துவிட்டுக் கூடப்பிறந்தவனைச் சந்தேகப்படுகிறாய். நீ எப்போதும் இப்படித்தான். என் கல்யாண போட்டோவிலேயே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றவள்தானே.

உன் தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

என் காதில் பூ சுற்றாதே. மழைக்காலம் முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் அவள் சுவரை உடைத்திருக்கிறாள். உடைத்த இடத்தில் தூசி பறந்தது, சொட்டு ஈரம் இல்லை. அந்த வீட்டுக் குழாய்கள் எல்லாம் வெளிச்சுவரில், பெயிண்ட் அடித்து, கண்ணெதிரே இறங்குகின்றன. துணி தைக்கிற எனக்கே புரிந்தது. அன்று நான் குழாயைப் பார்க்கவில்லை, உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னை நம்பினேன்.

கல்யாணத்தன்று எனக்குப் பல்வலி. இத்தனை வருடம் இதை வேறு மனதில் வைத்திருந்தாயா?

ஒரே கேள்விதான். ஏன்?

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

ஆமாம், பொய்தான் சொன்னேன். போதுமா?

மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அப்பா எப்படி ஏறுவார்? ஏற முடியாதென்றால் எங்கே வருவார்? இங்கேதான். எங்கள் இரண்டு பிள்ளைகளும் கால் நீட்ட இடமில்லாமல் படுக்கிறார்கள். என் வீட்டுக்காரி இரண்டு இடத்தில் வேலைக்குப் போகிறாள். அவரை யார் பார்த்துக்கொள்வது? "எனக்குன்னு ஒரு வீடு, எனக்குன்னு ஒரு வீடு" என்று குதித்தாயே, அப்பா எங்கே இருப்பார் என்று ஒரு வார்த்தை சொன்னாயா? அவரை நைசாக என் தலையில் கட்டிவிட்டு நீ நிம்மதியாக இருக்கப் பார்க்கிறாய் என்று நினைத்தேன். என் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அப்பாவிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதே.

தம்பி


மார்ச் 24

தம்பிக்கு,

நீ வருவதற்கு இரண்டு வாரம் முன்பே அப்பாவை அந்த வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தேன். கடையிலிருந்து ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஏறினேன். கண்டக்டர் வேலை பார்த்தவர் இல்லையா, "மாடிக்கு ஒரு ஸ்டாப்பிங் போடும்மா, போய்ச் சேர்ந்திடலாம்" என்றார். ஒவ்வொரு மாடியிலும் ஸ்டூலைப் போட்டேன், உட்கார்ந்து மூச்சு வாங்கினார். ஐம்பத்து நான்கு படி, இருபது நிமிடம். அவரே எண்ணினார். மேலே போனதும் பெரிய அறையின் ஜன்னலைத் திறந்தார். கீழே பஸ்கள் திரும்புகிற இடம் தெரிந்தது. "இது என் சீட்டு, யாரும் உட்காரக் கூடாது" என்றார்.

பெரிய அறை அவருக்கு, கூடத்தில் நான் என்று அன்றே முடிவாகிவிட்டது. உன்னிடம் சொல்லவில்லை, உண்மைதான். அப்பாவை விட்டுவிட்டு நான் வீடு வாங்குவேன் என்று உனக்குத் தோன்றும் என்றே எனக்குத் தோன்றவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். உனக்குப் பொய் சொல்வது சுலபமாக இருந்தது, கேட்பது கஷ்டமாக இருந்தது.

சுவர் ஈரம் என்று நான் வந்து சொன்னபோது அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்மா. தொழில் தெரிஞ்சவன்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த ஜன்னலைப் பற்றிப் பேசவே இல்லை.

இந்த ஏழு மாதத்தில் விலை எங்கேயோ போய்விட்டது. பதினேழு வருடம் சேர்த்ததற்கு இப்போது கிடைத்தது ஒரே அறை, தரைத்தளம், கடைக்குப் போக இரண்டு பஸ். ஜன்னலைத் திறந்து கை நீட்டினால் அடுத்த வீட்டுச் சுவர். ஊருக்கெல்லாம் திரைச்சீலை தைக்கிறவள் வீட்டு ஜன்னலுக்குத் திரைச்சீலையே தேவையில்லை. வியாழக்கிழமை பத்திரப் பதிவு. நீ வர வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். அப்பா படியேறியதைப் படித்த பிறகு எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வீட்டுக்காரியிடம் காட்டினேன். "கேட்டிருக்கலாம்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

நான் செய்தது தப்பு. என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். புது வீட்டுக் குழாய் வேலை, மோட்டார், தொட்டி எல்லாம் நானே வந்து செய்து தருகிறேன். வேறு ஆளைக் கூப்பிட்டு என்னை அசிங்கப்படுத்தாதே. விலாசம் மட்டும் அனுப்பு. அப்பாவைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

உன் தம்பி


ஏப்ரல் 19

தம்பிக்கு,

குடிவந்து பத்து நாள் ஆகிறது. குழாய் வேலை முடிந்துவிட்டது. வேறு ஆள்தான் செய்தார். விலாசம் எழுதவில்லை, உறையின் பின்பக்கத்திலும் தேடாதே.

புது வீட்டைப் பார்க்க நீ ஏன் வரவில்லை என்று அப்பா தினமும் கேட்டார். சாக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. உனக்காக நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்? உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடைசிவரை கேட்டார். சட்டைப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

அவரைப் பார்ப்பதை நான் தடுக்க மாட்டேன், அவர் உனக்கும் அப்பா. மாதத்தில் முதல் ஞாயிறு, காலை பதினொரு மணிக்கு, என் கடைக்கு எதிரே இருக்கும் பஸ் நிறுத்தத்தில் அவரை உட்காரவைப்பேன். ஒரு மணி நேரம் பேசு. என் வாசலுக்கு மட்டும் வராதே. இந்த ஒரு அறையையாவது நீ தட்டிப் பார்க்காமல் நான் வைத்துக்கொள்கிறேன்.

இதை அப்பாவிடமும் சொன்னேன். "அஞ்சு மணி நேரம் பஸ்ல வர்றவன். வீட்டுக்கு வந்து ஒரு வாய் தண்ணி குடிக்கட்டுமாம்மா?" என்று என்னிடம் அனுமதி கேட்டார்.

ஒரு பாட்டிலில் நிரப்பிக் கொடுத்தனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அக்கா